வயலில் கிடைத்த சிலுவை யாருக்குச் சொந்தம்?

பச்சைக் களிம்பேறிய பழைய சாமான் எதுவும் கைக்கு வந்தால் நம் வீடுகளில் முதலில் தேடுவது புளியைத்தான். வெள்ளியென்றால் திருநீறு. குத்துவிளக்குக்கு அது சரி. ஆனால் இங்கிலாந்தில் ஒரு வயலில் மெட்டல் டிடெக்டர் சத்தம் போட்டு, ஒரு சாண் ஆழத்தில் சிலுவை ஒன்று அகப்பட்டால், அந்தப் புளியைப் போல அதற்குக் கேடு வேறில்லை.

2014-இல் ஸ்காட்லாந்தின் காலோவே பகுதியில் இப்படி டிடெக்டரோடு போன ஒருவருக்கு வைக்கிங் காலத்துப் புதையல் கிடைத்தது. அதில் கழுத்தில் அணியும் வெள்ளிச் சிலுவை ஒன்றும் இருந்தது. மண் அப்பிக் கிடந்த அதன்மேல் அதன் சங்கிலியே சுற்றியிருந்தது. அதைச் சுத்தம் செய்த நிபுணர்கள் கையில் எடுத்த கருவி என்ன தெரியுமா? முள்ளம்பன்றி முள். அழுக்கைக் கிளப்பும் கூர்மையும் உலோகத்தைக் கீறாத மென்மையும் அதற்கு உண்டு. அழுக்கு போனதும் நான்கு கைகளிலும் நான்கு நற்செய்தியாளர்களின் அடையாளங்கள் தெரிந்தன. மத்தேயுவுக்கு மனிதன், மாற்குவுக்குச் சிங்கம், லூக்காவுக்குக் காளை, யோவானுக்குக் கழுகு. கறுப்பு நியெல்லோ பூச்சும் தங்க இலையும் அப்படியே இருந்தன. சங்கிலியோ ஒரு மில்லிமீட்டர் தடிமன்கூட இல்லாத வெள்ளிக் கம்பியை மிருகக் குடல் நரம்பின்மேல் சுற்றிச் செய்தது. ஆயிரம் ஆண்டுக்கு மேலாக அந்த நரம்பு மண்ணுக்குள் தாக்குப்பிடித்திருக்கிறது. சமையலறை ஸ்க்ரப்பருக்கு முன் ஒரு நிமிடம் தாங்காது.

ஆகவே தேய்க்க வேண்டாம், எலுமிச்சை பிழிய வேண்டாம், வளைந்திருந்தால் நிமிர்த்தவும் வேண்டாம். 2009-இல் கிடைத்த ஸ்டாஃபோர்ட்ஷயர் புதையலில் தங்கச் சிலுவை ஒன்று கைகளெல்லாம் மடக்கப்பட்டுக் கசங்கிக் கிடந்தது. அப்படி மடக்கியது யார், எதற்காக என்பதே ஆய்வாளர்களுக்குப் பெரிய கேள்வி. நிமிர்த்தியிருந்தால் அந்தக் கேள்வியே எழுந்திருக்காது. நகைக்கடை ஆசாரியிடம் கொடுத்து உரைகல்லில் உரசிப் பார்ப்பதும் கூடாது. மாற்றுப் பார்க்க அருங்காட்சியகங்களில் கீறாத வழிகள் இருக்கின்றன.

இனி, கையில் இருப்பது எந்தக் காலத்தது? பளபளப்பை நம்பாதீர்கள். தங்கத்துக்குக் களிம்பு ஏறாது. 1,300 ஆண்டு மண்ணில் கிடந்தாலும் நேற்று வாங்கியதுபோல் வரும். நூறு வயதுகூட ஆகாத செம்புக் கலவை பச்சை பூத்து, பார்ப்பவரைப் பழமை என்று ஏமாற்றும். தலைப்பகுதியில் உள்ள ஐ.என்.ஆர்.ஐ. என்ற நான்கு லத்தீன் எழுத்துகளைப் பார்த்து ரோமானியர் காலம் என்று துள்ளுபவர்கள் உண்டு. அந்த எழுத்துகள் போன மாதம் செய்த பாடுபட்ட சுரூபத்திலும் இருக்கும்.

பார்க்க வேண்டியது பாதங்களை. இயேசுவின் உருவம் இருந்தால், இரண்டு பாதமும் பக்கம் பக்கமாக வைத்துத் தனித்தனி ஆணி அடித்திருக்கிறதா, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஒரே ஆணியா? மேற்கு ஐரோப்பாவில் பொதுவாக 13-ஆம் நூற்றாண்டு வரை நான்கு ஆணி, அதற்குப் பிறகு மூன்று. பழைய உருவங்களில் கண் திறந்திருக்கும், தலை நிமிர்ந்திருக்கும், தலையில் சில சமயம் கிரீடம். பிந்தியவற்றில் தலை சாய்ந்து, உடல் துவண்டு, வேதனை தெரியும். இதைக்கூட முழுசாக நம்ப முடியாது. 19-ஆம் நூற்றாண்டில் இடைக்காலப் பாணிமேல் ஒரு மோகம் கிளம்பி, பழைய வடிவங்களை அச்சு அசலாகச் செய்து தள்ளினார்கள்.

சிலுவையே இல்லாமல் உருவம் மட்டும் கிடைப்பதும் உண்டு. பிரான்சின் லிமோஜ் நகரப் பட்டறைகள் 12, 13-ஆம் நூற்றாண்டுகளில் செம்பில் செய்து, தங்க முலாம் பூசி, நீல எனாமல் பதித்த சிறு உருவங்களை மரச் சிலுவைகளில் அறைந்து ஐரோப்பா முழுக்க அனுப்பின. மரம் மட்கிப்போக, உருவம் மட்டும் இங்கிலாந்து உழவு நிலங்களில் தலைகாட்டுகிறது. ஆணித் துளைகளுக்குள்ளும் இடுப்புத் துணி மடிப்பிலும் துளி நீலம் ஒட்டியிருக்கலாம். கழுவினால் முதலில் போவது அதுதான்.

கீல் வைத்து இரண்டாகத் திறக்கும் வெண்கலச் சிலுவை என்றால் புனிதரின் நினைவுப் பொருளான அருளிக்கம் வைக்கும் பேழையாக இருக்கலாம். பைசாந்தியப் பேரரசிலும் அதைச் சுற்றிய நாடுகளிலும் பரவலாக இருந்த வகை இது. போலிகள் மலிந்ததும் இந்த வகையில்தான். கீழே சாய்வான குறுக்குக் கட்டையோடு, நீல எனாமலும் ஸ்லாவிய எழுத்தும் இருந்தால் ரஷ்ய மரபு. காலடியில் மண்டை ஓடும் எலும்பும் இருந்தால் மந்திரவாதம் என்று பயப்படாதீர்கள்; அது கொல்கொதா மலையில் ஆதாமின் தலை புதைந்திருந்ததாகச் சொல்லும் பழைய மரபு. உருவமே இல்லாமல், கைகள் சமமாக, முனைகள் மொட்டாக விரிந்து, அடியில் இலைகள் கிளம்பினால் அது கிழக்குத் திருச்சபைகளின் வடிவம். நமக்கு அறிமுகமானதுதான். 1547-இல் பரங்கிமலையில் கோயிலுக்கு அடித்தளம் தோண்டிய போர்ச்சுக்கீசியருக்கு, சுற்றிலும் பகலவி எழுத்து வெட்டிய அப்படியொரு கற்சிலுவை கிடைத்தது. 1912-இல் அநுராதபுர அகழாய்விலும் அந்தக் குடும்பத்துச் சிலுவை ஒன்று கல்லில் வெளிப்பட்டது.

பின்பக்கத்தில் 925 என்றோ 'இத்தாலி' என்று ஆங்கிலத்திலோ பொறித்திருந்தால் ஆசையைக் குறைத்துக்கொள்ளலாம். நங்கூர முத்திரை பர்மிங்ஹாமுடையது. அங்கே தரப் பரிசோதனைக் கூடம் வந்ததே 1773-இல்தான். சிலுவையின் நடுவில் கடுகளவு கண்ணாடி இருந்தால் கண்ணருகே வைத்து வெளிச்சத்தைப் பாருங்கள். உள்ளே ஒரு திருத்தலத்தின் படமோ ஜெபமோ தெரியலாம். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் யாத்திரிகர்களுக்கு விற்ற சரக்கு அது. விலை பெரிதாக இராது, வேடிக்கை பெரிது.

இவ்வளவு பார்த்தும் நாம் சொல்வது ஊகம்தான். சிலுவை பாதிக் கதையைத்தான் சொல்லும்; மீதியைச் சொல்வது கிடைத்த இடம். 2011-இல் கேம்பிரிட்ஜ் அருகே ட்ரம்பிங்டனில் கிடைத்த தங்கச் சிலுவை, ஒரு இளம்பெண் கட்டிலோடு அடக்கம் செய்யப்பட்ட 7-ஆம் நூற்றாண்டுக் குழியிலிருந்து வந்தது. ஆங்கிலேயரிடையே கிறிஸ்தவம் வேரூன்றத் தொடங்கிய காலத்துக்கு அந்தக் குழி முழுவதும் சாட்சி. வெறும் சிலுவையை மட்டும் யாராவது பறித்துப் போயிருந்தால் ஒரு நகைதான் மிஞ்சியிருக்கும். ஆகவே எலும்போ, இன்னொரு பொருளோ தெரிந்தால் தோண்டுவதை நிறுத்திவிடுங்கள். எலும்பு மனித எலும்பாகத் தோன்றினால் போலீசுக்குச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் அளவுகோல் ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் படம், போனில் இடக்குறிப்பு, ஆழம், தனிப் பை. இவ்வளவு போதும்.

சட்டத்துக்கு வருவோம். இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்துக்கு 1996-ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இருக்கிறது. எடையில் 10 சதவீதமாவது தங்கமோ வெள்ளியோ உள்ள, 300 ஆண்டுக்குக் குறையாத பொருள் ஒன்றே ஒன்று கிடைத்தாலும் அது புதையல். கண்டெடுத்த 14 நாளுக்குள், அல்லது அது புதையலாக இருக்கலாம் என்று தெரியவந்த 14 நாளுக்குள், அந்த வட்டாரத்து கரோனருக்குத் தெரிவிக்க வேண்டும். சந்தேக மரணங்களை விசாரிக்கும் அதே கரோனர்தான். இங்கிலாந்தில் புதையலும் அவர் தலையில். மறைத்தால் மூன்று மாதம் வரை சிறை, அபராதம், அல்லது இரண்டும்.

செம்பு, வெண்கலம்தானே என்று இனி அலட்சியமாக இருக்க முடியாது. 2010-இல் க்ராஸ்பி காரட் என்ற ஊரில் கிடைத்த ரோமானியத் தலைக்கவசம் செம்புக் கலவை என்பதால் சட்டத்துக்குள் வரவில்லை. ஏலத்தில் 20 லட்சம் பவுண்டுக்கு மேல் போய்த் தனியார் கைக்குச் சேர்ந்தது. அந்த ஓட்டையை அடைக்க, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2023 ஜூலை 30 முதல் புது விதி வந்தது: 200 ஆண்டுக்குக் குறையாத, உலோகம் கலந்த, வரலாற்றுக்கு விதிவிலக்கான முக்கியத்துவம் உள்ள எதுவும் புதையலாகலாம். முக்கியத்துவம் உண்டா என்பதை நீங்கள் தீர்மானிக்க முடியாது. வட்டாரந்தோறும் 'ஃபைண்ட்ஸ் லியேசான் ஆபீசர்' என்று ஒருவர் இருக்கிறார். பிரிட்டிஷ் மியூசியம் நடத்தும் திட்டத்தின் கீழ் வேலை செய்பவர். அவரிடம் காட்டுவதற்குக் கட்டணம் கிடையாது. கரோனருக்குத் தெரிவிக்கும் வேலையையும் அவர் மூலமே முடிக்கலாம்.

காட்டினால் பிடுங்கிக்கொள்வார்கள் என்ற பயம்தான் நம்மவரைத் தடுப்பது. உண்மையில் அருங்காட்சியகம் எதுவும் வேண்டாமென்றால் பொருள் திரும்ப வந்துவிடும். வேண்டுமென்றால் சுயாதீனக் குழு ஒன்று சந்தை விலையை மதிப்பிடும். அந்தத் தொகை வழக்கமாகக் கண்டெடுத்தவருக்கும் நிலத்துக்காரருக்கும் பாதிப் பாதி. ஸ்டாஃபோர்ட்ஷயர் புதையலுக்கு வந்த 32,85,000 பவுண்டு அப்படித்தான் பிரிந்தது. மதிப்பீடு குறைவு என்று பட்டால் சொந்தச் செலவில் வேறொரு மதிப்பீட்டைக் குழுவின் முன் வைக்கலாம். அதிலும் திருப்தி இல்லையென்றால் அமைச்சரிடம் முறையிடலாம்.

மறைத்தவர்களின் கதை வேறு. 2015-இல் ஹெரிஃபோர்ட்ஷயரில் வைக்கிங் புதையலைக் கண்ட இருவர் நிலத்துக்காரரிடமும் சொல்லவில்லை, கரோனரிடமும் சொல்லவில்லை. நாணயங்களைச் சில்லறையாக விற்றார்கள். 2019-இல் இருவரும் நீண்ட சிறைத் தண்டனை பெற்றார்கள். சுமார் 300 நாணயங்களில் பெரும்பகுதி இன்னும் அகப்படவில்லை. முறைப்படி போயிருந்தால் பெரும் சன்மானத்தில் பங்கு கிடைத்திருக்கும்.

புதையல் வகையில் சேராத பொருள் பொதுவாக நிலத்துக்காரருடையது. எனவே அனுமதியை வாய்ப்பேச்சாக விடாமல், கிடைப்பதில் யாருக்கு எவ்வளவு என்பதையும் சேர்த்து ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். சட்டப் பாதுகாப்பில் உள்ள தொல்லியல் இடங்களில் உரிமமின்றி டிடெக்டரைப் பயன்படுத்துவதே குற்றம். நிலத்துக்காரர் சம்மதித்தாலும் குற்றம்தான். லண்டனில் தேம்ஸ் கரையில் தேடத் துறைமுக ஆணையத்தின் பெர்மிட் வேண்டும். ஸ்காட்லாந்தில் எந்தப் பழம்பொருளும் அரசுடையது, எல்லாவற்றையும் தெரிவிக்க வேண்டும். அயர்லாந்துக் குடியரசில் அனுமதியின்றிக் கருவியோடு பழம்பொருள் தேடுவதே சட்டவிரோதம். பிரான்சிலும் அரசு அதிகாரியான பிரீஃபெயின் அனுமதி வேண்டும்.

கிடைத்த சிலுவையை வேளாங்கண்ணிக்கோ மடுவுக்கோ காணிக்கையாகக் கொண்டுபோகலாம் என்று தோன்றுவது இயல்பு. பிரிட்டன் மண்ணிலிருந்து எடுத்த, 50 ஆண்டு கடந்த தொல்பொருளை நாட்டுக்கு வெளியே அனுப்ப, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் ஏற்றுமதி உரிமம் வேண்டும்.

ஊரில் வீடு கட்டக் குழி வெட்டும்போது கிடைத்தாலோ? இந்தியாவில் 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் எதுவானாலும் என்ன பொருள், எங்கே, எப்போது என்று கலெக்டருக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும். நூறு ஆண்டு கடந்த சிலுவை 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள்ளும் வரும். தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. இலங்கையில் தொல்பொருள் தேடித் தோண்டுவதற்கே தொல்லியல் திணைக்களத்தின் அனுமதி வேண்டும்.

பல ஆண்டுக்கு முன் இங்கிலாந்தில் எடுத்த ஒன்று ஏற்கெனவே மேசை டிராயரில் கிடக்கிறது என்றால் பதற வேண்டாம். தெரிவிக்காததற்கு நியாயமான காரணம் இருந்தால் புதையல் சட்டமே அதை எதிர்வாதமாக ஏற்கிறது. காரணம் இருக்கிறதோ இல்லையோ, தானாக முன்வருவது பிடிபடுவதைவிட மேல். விஷயம் சிக்கலாகத் தோன்றினால் முதலில் ஒரு வழக்கறிஞரைக் கேளுங்கள். பிறகு வட்டார ஃபைண்ட்ஸ் லியேசான் ஆபீசருக்கு ஒரு மின்னஞ்சல்: எந்த வயல், ஏறக்குறைய எந்த ஆண்டு, யார் அனுமதி கொடுத்தார்கள், முன்பின் இரு பக்கமும் எடுத்த படம். புளி போட்டுத் தேய்த்திருந்தால் அதையும் எழுதிவிடுங்கள்.