கேம் டெவலப்மென்ட் படிப்பா, நெட்வொர்க்கிங் படிப்பா: ஒரு பிங் கணக்கு

போன மாதம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். காபி வருவதற்கு முன்பே இரண்டு ப்ரோஷர்கள் மேசைக்கு வந்துவிட்டன. ஒன்று பி.எஸ்சி. கேம் டெவலப்மென்ட், இன்னொன்று பி.எஸ்சி. கம்ப்யூட்டர் நெட்வொர்க்கிங். இரண்டும் தனியார் கல்லூரிகள். முதல் அட்டையில் வாளோடு ஒரு வீரன், இரண்டாவதில் நீல விளக்கு எரியும் சர்வர் ரேக். "தம்பி, நீதானே இருபது வருஷமா கம்ப்யூட்டர்ல குப்பை கொட்டுற, எதுல சேர்க்கலாம்னு சொல்லு" என்றாள் அக்கா. பையனுக்கு கேம்தான் வேணும். அத்தானுக்கு நெட்வொர்க்கிங், காரணம் "ஆபீஸ்னு ஒண்ணு இருந்தா நெட்வொர்க்கும் இருக்கும்ல". இது போக பி.இ. கவுன்சிலிங்குக்கும் விண்ணப்பம் போட்டு வைத்திருந்தார்கள். எதில் சேர்ந்தாலும் கல்விக் கடன்தான். தப்பாகச் சொன்னால் அக்கா குடும்பம் பல வருஷம் தவணை கட்டும்.

இரண்டு வாரம் டைம் கேட்டுக்கொண்டு வந்துவிட்டேன். அந்த இரண்டு வாரத்தில் படித்தது, யோசித்தது எல்லாம்தான் இந்தப் பதிவு.

முதலில், இப்படி ஒரு பட்டம் எங்கிருந்து வந்தது? ஸ்காட்லாந்தில் டண்டீ என்று ஒரு ஊர். எண்பதுகளில் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் என்ற வீட்டுக் கணினியை அங்கிருந்த டைமெக்ஸ் தொழிற்சாலையில்தான் தயாரித்தார்கள். கணினி கையில் கிடைத்தால் ஊர்ப் பையன்கள் சும்மா இருப்பார்களா? அப்படிக் கிளம்பியவர்தான் டேவிட் ஜோன்ஸ். அவர் தொடங்கிய டிஎம்ஏ டிசைன் நிறுவனம் 1991-இல் லெம்மிங்ஸ் கேமையும், 1997-இல் முதல் கிராண்ட் தெஃப்ட் ஆட்டோவையும் கொண்டுவந்தது. அதே 1997-இல் அதே ஊரின் அபெர்டே பல்கலைக்கழகம் கணினி விளையாட்டுக்கென்றே ஒரு பட்டப்படிப்பு தொடங்கியது. உலகத்திலேயே முதலாவது என்று அவர்கள் சொல்லிக்கொள்கிறார்கள். அதாவது முதலில் தொழில் வந்தது, பட்டம் பின்னால் வந்தது. நம்ம ஊர் ப்ரோஷர்களில் இந்த வரிசை பல நேரம் தலைகீழாக இருக்கிறது.

அமெரிக்காவில் இதற்கு இணையான பெயர் டிஜிபென். வாஷிங்டன் மாநிலத்தில் ரெட்மண்ட் நகரில் 1998-இல் நான்கு வருஷப் பட்டம் ஆரம்பித்தார்கள். அந்தப் பட்டத்தின் பெயரில் கேம் என்ற சொல்லே இல்லை. "ரியல் டைம் இன்டராக்டிவ் சிமுலேஷன்" என்று வைத்திருந்தார்கள். பெயர் வறட்சியாக இருந்தாலும் உள்ளே இருக்கும் சரக்கு அதுதான்: கால்குலஸ், லீனியர் அல்ஜீப்ரா, இயற்பியல், சி++, ஆபரேட்டிங் சிஸ்டம், கம்ப்யூட்டர் நெட்வொர்க்ஸ். கூடவே, குழுவாகச் சேர்ந்து கேம் செய்து முடிக்க வேண்டும். அப்படி ஒரு மாணவர் குழு 2005-இல் செய்த நார்பாகுலர் டிராப் என்ற சின்ன கேமைப் பார்த்துவிட்டு, வால்வ் நிறுவனம் அந்தக் குழுவையே வேலைக்கு எடுத்துக்கொண்டது. அதிலிருந்து வந்ததுதான் 2007-இன் போர்ட்டல். 2008-இல் டிஜிபென் சிங்கப்பூரிலும் ஒரு கிளை திறந்தது.

சரி, இதில் நெட்வொர்க்கிங் எங்கே வருகிறது? கேமுக்கும் நெட்வொர்க்குக்கும் என்ன சம்பந்தம் என்று அத்தான் கேட்டார். பதிலை மருமகனே சொல்லிவிட்டான். போனில் சுட்டுக்கொண்டிருந்தவன், "சே, பிங் அதிகம் மாமா, நான் சுவத்துக்குப் பின்னாடி போனப்புறம் செத்துட்டேன்" என்றான்.

"பிங்னா என்னடா?"

"லேக் மாமா."

லேக் சரிதான், ஆனால் பிங் என்பது ஒரு குட்டி நிரல். 1983 டிசம்பரில் மைக் மூஸ் என்ற அமெரிக்க நிரலர் எழுதியது. நீர்மூழ்கிக் கப்பலின் சோனார் ஒலி அனுப்பி எதிரொலி கேட்பதுபோல, ஒரு பாக்கெட்டை அனுப்பி அது திரும்பிவர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்ப்பது. இதில் ஒரு கணக்கு போடலாம். சென்னையிலிருந்து சிங்கப்பூர் சுமார் 2,900 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். போக 14.5 மில்லி விநாடி, வர 14.5, ஆக 29. கேபிள் நேர்கோட்டில் போகாது, வழியில் ரவுட்டர்கள் வேறு. அதனால் நிஜத்தில் இன்னும் கூடும். ஆனால் 29-க்குக் கீழே மட்டும் எந்த ஃபைபர் பிளானும் கொண்டுபோக முடியாது. விநாடிக்கு 60 ஃப்ரேம் ஓடும் கேமில் ஒரு ஃப்ரேமுக்கு சுமார் 17 மில்லி விநாடிதான். ஆகவே சர்வர் சிங்கப்பூரில் இருந்தால், நீங்கள் பொத்தானை அழுத்தி பதில் வருவதற்குள் குறைந்தது ஒன்றே முக்கால் ஃப்ரேம் ஓடிப் போயிருக்கும்.

இந்தத் தாமதத்தை ஒழிக்க முடியாது, மறைக்கத்தான் முடியும். மறைக்கும் வேலையில்தான் இரண்டு படிப்பும் ஒன்று சேர்கின்றன.

எனக்குப் பிடித்த உதாரணம் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ், அதுவும் 1997-தான். (நான் பி.இ. சேர்ந்த வருஷம் என்பதால் கொஞ்சம் பாசம்.) எட்டுப் பேர் வரை சேர்ந்து விளையாடலாம், திரையில் நூற்றுக்கணக்கில் வில்வீரர்கள். அப்போது வீட்டில் இருந்ததோ 28.8 மோடம், விநாடிக்கு 28,800 பிட். 1,500 வீரர்கள் என்று வையுங்கள். ஒவ்வொருவரும் எங்கே நிற்கிறார் என்பதை 10 பைட்டில், விநாடிக்குப் பத்து முறை அனுப்பினால் 12 லட்சம் பிட் ஆகிறது. மோடத்தைப் போல நாற்பது மடங்குக்கு மேல். அந்த எஞ்சினியர்கள் என்ன செய்தார்கள் என்றால், வீரர்களின் இடத்தை அனுப்பவே இல்லை. "இந்தக் கூட்டம் அந்த மலைக்குப் போ" என்ற கட்டளையை மட்டும் அனுப்பினார்கள். எட்டுக் கணினிகளும் அதே ஆட்டத்தைத் தனித்தனியாக, அச்சுப் பிசகாமல் ஓட்டும். நீங்கள் கொடுக்கும் கட்டளை உடனே நடக்காது. எல்லாருக்கும் போய்ச் சேர்ந்தபின், இரண்டு சுற்று தள்ளி, எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் நடக்கும்.

கேட்க சுலபம். ஆனால் அச்சுப் பிசகினால்? இதை எழுதிய மார்க் டெரானோவும் பால் பெட்னரும் பின்னாளில் ஒரு கட்டுரையில் விவரித்திருக்கிறார்கள். ஒரு கணினியில் மட்டும் ஒரு மான் இம்மி தள்ளி நின்றுவிட்டால் போதும். அது மேயும் வழி மாறும். சில நிமிஷம் கழித்து அதை வேட்டையாடப் போன ஆளின் ஈட்டி ஒரு திரையில் படும், இன்னொரு திரையில் படாது. அங்கே கறி உண்டு, இங்கே இல்லை. அதற்குப் பிறகு நடப்பது இரண்டு வேறு வேறு ஆட்டங்கள். இந்தப் பிழையைப் பிடிக்க நெட்வொர்க்கும் தெரியணும், ரேண்டம் எண் எப்படிப் பிறக்கிறது என்றும் தெரியணும். இரண்டு ப்ரோஷரிலும் இந்த விஷயத்துக்கு ஒரு வரி கிடையாது.

துப்பாக்கி கேமுக்கு இந்த முறை ஆகாது, சுட்டால் உடனே சுடணும். அதனால் 1996-இல் க்வேக்வேர்ல்டில் ஜான் கார்மாக் வேறு வழி செய்தார். சர்வர் பதிலுக்குக் காத்திராமல் உங்கள் கணினி ஊகித்து உங்களை நகர்த்திவிடும், ஊகம் தப்பானால் பிறகு திருத்திக்கொள்ளும். அதன்பின் ஹாஃப் லைஃப் காலத்தில் வந்தது காலத்தைப் பின்னோக்கி ஓட்டுவது: நீங்கள் சுட்ட நொடியில் உங்கள் திரையில் எதிரி எங்கே தெரிந்தானோ, சர்வர் அந்த நொடிக்குத் திரும்பிப் போய் குண்டு பட்டதா என்று பார்க்கும். மருமகன் சுவருக்குப் பின்னால் போனபிறகு செத்தது இதனால்தான். சுட்டவன் திரையில் இவன் இன்னும் வெளியே நின்றுகொண்டிருந்தான். "அப்போ அவன் ஏமாத்தலையா?" என்று ரொம்ப நேரம் நம்பாமல் பார்த்தான்.

நாங்கள் பி.இ.-யில் நெட்வொர்க்ஸ் படித்தபோது டிசிபிக்குத்தான் ராஜமரியாதை. தொலைந்த பாக்கெட்டை மறுபடி அனுப்பி, வரிசை மாறாமல் கொடுக்கும் நெறிமுறை. பக்கத்திலேயே யூடிபி, 1980-இல் மூன்றே பக்கத்தில் எழுதி முடிக்கப்பட்டது, போனால் போகட்டும் என்று விட்டுவிடும் ரகம். பரீட்சையில் "நம்பகத்தன்மை அற்றது" என்று எழுதினால் இரண்டு மார்க். வேகமான கேம்களுக்கோ பெரும்பாலும் யூடிபிதான் அடித்தளம் என்று வேலைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. அரை விநாடிக்கு முன்னால் எதிரி நின்ற இடம் இப்போது யாருக்கு வேண்டும்? அதை மறுபடி வரவழைப்பதற்குள் புதுசு வந்துவிடும். அந்தப் பேப்பரில் எனக்கு அரியர் வேறு. உண்மையில் நான் நெட்வொர்க் கற்றது ராத்திரி லேபில். பழைய கோஆக்ஸ் கேபிள், இரண்டு முனையிலும் 50 ஓம் டெர்மினேட்டர். ஆட்டத்தில் தோற்பவன் அதைக் கழற்றிவிடுவான், மொத்த லேபும் படுத்துவிடும். சிக்னல் முனையில் மோதித் திரும்பும் என்பதை எந்த வாத்தியாரும் அவ்வளவு தெளிவாகச் சொல்லித்தரவில்லை.

இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு ப்ரோஷர்களுக்குத் திரும்பினேன். இணையதளத்தில் சிலபஸ் இருந்தது. கேம் பட்டத்தில் ஆறு செமஸ்டரில் கணக்கு ஒரே ஒரு பேப்பர். நெட்வொர்க்ஸ் இல்லை. இரண்டு செமஸ்டர் முழுக்க யூனிட்டி என்ற ஒரே மென்பொருள். யூனிட்டி நல்ல கருவிதான், நானும் தொட்டிருக்கிறேன். ஆனால் 2023 செப்டம்பரில் அந்த நிறுவனம், கேம் எத்தனை முறை நிறுவப்படுகிறதோ அதற்கேற்பக் கட்டணம் என்று அறிவித்து, உலகம் முழுக்கச் சின்ன ஸ்டுடியோக்கள் கொதித்துப்போய், ஒரு வருஷத்தில் அதை ரத்து செய்தது. ஃபிளாஷை நம்பிப் படித்தவர்களுக்கு 2020 முடிவோடு ஃபிளாஷே இல்லை.

நெட்வொர்க்கிங் பட்டமும் கிட்டத்தட்ட அப்படித்தான். ஒரு நிறுவனத்தின் சான்றிதழைச் சுற்றிப் பாதி சிலபஸ். சிசிஎன்ஏ சான்றிதழைக் குறை சொல்ல மாட்டேன், வேலை வாங்கித் தரும். ஆனால் அது மூன்று வருஷத்துக்குத்தான் செல்லும், பிறகு புதுப்பிக்கணும். மூன்று வருஷம் படித்து, மூன்று வருஷம் செல்லும் ஒன்றை வாங்குவதற்கு கடன் எதற்கு? தனியாகவே படித்து எழுதலாம். பாக்கெட் டிரேசர் இலவசமாகவே கிடைக்கிறது. ரவுட்டருக்கு இன்று ஆட்கள் பைத்தானில் ஸ்கிரிப்ட் எழுதிக்கொண்டிருக்கிறார்கள், அதற்கும் நிரல் தெரிந்தாகணும்.

அக்காவிடம் சொன்னது இதுதான்: கவுன்சிலிங்கில் சிஎஸ்இ கிடைத்தால் அதை எடுங்கள், இசிஇ ஆனாலும் பரவாயில்லை. கணக்கும், ஆபரேட்டிங் சிஸ்டமும், நெட்வொர்க்ஸும் அதில் தானாக வந்துவிடும். பி.இ., பி.டெக். மட்டும் என்று போடுகிற கேம்பஸ் இன்டர்வியூ வாசலும் மூடாது. கேமை அவன் நாலு வருஷமும் நண்பர்களோடு சேர்ந்து செய்யட்டும். டிஜிபென் மாதிரி சிலபஸும், கேம் வெளியிட்ட அனுபவமுள்ள ஆசிரியர்களும் இருக்கும் இடம் கட்டுப்படியானால் நான் வேறு மாதிரி சொல்லியிருப்பேன். இந்த ப்ரோஷரில் ஆசிரியர்கள் பக்கமே இல்லை.

மருமகன் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டான். அவனுக்கு ஒரு வேலை கொடுத்தேன். வீட்டில் இருக்கும் இரண்டு பழைய லேப்டாப்பில், யூடிபி வைத்து, இரண்டு பேர் ஆடும் பாங் எழுதணும். ஒரு பந்து, இரண்டு மட்டை. பைத்தான் போதும், நான் உதவ மாட்டேன்.

போன செவ்வாய் ராத்திரி பதினொன்றரைக்கு போன். "மாமா, பந்து ரெண்டு ஸ்க்ரீன்லயும் வேற வேற இடத்துல இருக்கு. எது நிஜம்?"

யாருடைய பேச்சை சர்வர் நம்பணும் என்று நீயே முடிவு பண்ணு என்றேன். கவுன்சிலிங்கில் விருப்பப் பட்டியல் போட இன்னும் ஆறு நாள் இருக்கிறது.