இறுகுற காலும் இளக்குற மாத்திரையும்

பக்கவாதம் வந்த முதல் சில மணி நேரத்துல என்ன செய்யணும்னு போன எபிசோட்ல பேசினோம். அதுக்கு அப்புறம் வந்த மெசேஜ்கள்ல ஒரே கேள்வி திரும்பத் திரும்ப இருந்தது. "அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்து ஆறு மாசம் ஆச்சு. முதல்ல துவண்டு கிடந்த கை இப்ப மடங்கி இறுகிடுச்சு. கால் கட்டை மாதிரி விறைக்குது. டாக்டர் மசில் ரிலாக்ஸன்ட் எழுதிக் கொடுத்திருக்கார். சாப்பிட்டா சரியாகிடுமா?"

இறுக்கம் குறையும். போன பலம் அந்த மாத்திரையால திரும்பி வராது. சில பேருக்கு இறுக்கம் குறையுறதே புதுப் பிரச்சினையா மாறும். எப்படின்னு சொல்றேன்.

நான் பிசியோதெரபிஸ்ட். வாரத்துல மூணு நாள் மரக்காணம் பக்கத்துக் கிராமங்கள்ல வீடு வீடா போறவன். ஈ.சி.ஆர்.ல பாண்டிச்சேரிக்கு வண்டி ஓட்டும்போது, ரோட்டோரம் வெள்ளையா குவிச்சு வச்சிருக்கிற உப்பைப் பார்த்து நிறுத்தி ஒரு செல்ஃபி எடுத்திருப்பீங்களே, அந்த ஊர்தான். அதனால இன்னைக்கு உதாரணங்கள் எல்லாம் அங்கிருந்துதான் வரும். சும்மா ஊர்ப் பாசத்துக்காக இல்ல. இந்த மாத்திரைகளோட நல்லது கெட்டது ரெண்டும் வெயில், தண்ணி, சிறுநீர் இந்த மூணோட பின்னியிருக்கு. உப்பளத்துல அந்த மூணும்தான் வாழ்க்கை.

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துடுவோம். பாத்தியில நின்னு உப்பு வாரிட்டு வந்தவங்களுக்கு ராத்திரியில கெண்டைக்கால் சுருட்டிப் பிடிக்கும். மெடிக்கல் ஷாப்ல போய் "நரம்பு இழுக்குது"ன்னு சொல்லி ஒரு மாத்திரை வாங்கிப் போட்டுப்பாங்க. அது பெரும்பாலும் வலி மாத்திரையும் தயோகால்சிகோசைட், குளோர்சோக்சஸோன் மாதிரி ஒரு மசில் ரிலாக்ஸன்ட்டும் சேர்ந்த கலவை. முதுகு பிடிப்பு, கழுத்துப் பிடிப்புக்கு சில நாள் கொடுக்கிற மருந்து. ஸ்ட்ரோக்குக்கு அப்புறம் வர்ற இறுக்கத்துக்கு இது மருந்தே இல்ல. வியர்த்து உடம்புல தண்ணி வத்தின நேரத்துல அந்தக் கலவையில இருக்கிற வலி மாத்திரை கிட்னியையும் அடிக்கும். பேர் ஒண்ணா இருக்குங்கிறதுக்காக அப்பாவுக்கு எழுதினதும் இதுவும் ஒண்ணுன்னு நினைச்சுடாதீங்க.

ஸ்ட்ரோக்குக்கு அப்புறம் வர்ற இறுக்கத்துக்குப் பேர் ஸ்பாஸ்டிசிட்டி. கோளாறு தசையில இல்ல. முட்டிக்குக் கீழே டாக்டர் சின்ன சுத்தியலால தட்டினா கால் தானா எகிறும்ல? தசை திடீர்னு இழுபட்டா, அது தண்டுவடத்துக்குச் சொல்லும். தண்டுவடம் மூளையைக் கேட்காமலே "சுருங்கு"ன்னு உத்தரவு போட்டுடும். நம்ம ஒவ்வொரு அசைவுலயும் இது நடந்து நம்மளை முடக்காம இருக்கக் காரணம், மூளையிலிருந்து இறங்குற நரம்புகள் "போதும், அடங்கு"ன்னு சொல்லிக்கிட்டே இருக்கிறதுதான். ஸ்ட்ரோக், தலைக்காயம், தண்டுவடக் காயம், முதுகெலும்புல வர்ற டி.பி., குழந்தைகளுக்கு வர்ற பெருமூளை வாதம், இதுல எது வந்தாலும் அந்த அடக்குற குரல் மெலிஞ்சுடுது. கீழே இருக்கிற தண்டுவடம் தன்னிச்சையா கத்த ஆரம்பிக்குது.

இதை அடையாளம் காண ஒரு எளிய வழி வேகம். ஏ.சி. ரூம் கதவுக்கு மேல ஒரு குளோசர் மாட்டியிருப்பாங்க. மெதுவா தள்ளினா கதவு வரும், வேகமா தள்ளினா எதிர்த்து நிக்கும். ஸ்பாஸ்டிக் தசையும் அப்படித்தான். ஜேம்ஸ் லான்ஸ்ங்கிற ஆஸ்திரேலிய நரம்பியல் மருத்துவர் 1980-ல் சொன்ன வரையறையிலயும் இந்த வேகம்தான் மையம். அதனாலதான் வீட்டுல அவசரமா கையை நிமிர்த்தாதீங்கன்னு நாங்க கெஞ்சுறோம். மெதுவா நீட்டினாலும் ஒரு இடத்துக்கு மேல வரவே வராம நின்னா, அது வேற விஷயம். தசையே குட்டையாகிப்போச்சு. அங்க எந்த மாத்திரையும் எடுபடாது.

இப்ப மருந்துக்கு வருவோம். முக்கியமானது பேக்லோஃபென். 1962-ல் சுவிட்சர்லாந்தின் சீபா கம்பெனியில இதை உருவாக்கினது வலிப்பு நோய்க்காக. வலிப்புக்குச் சரியா வரல. ஆனா இறுக்கம் இருந்தவங்களுக்கு அது குறையுறதைக் கவனிச்சாங்க. மூளை சொல்லிக்கிட்டிருந்த "அடங்கு"ங்கிற சைகையைத் தண்டுவடத்துல ஓரளவு போலி செய்யுற மருந்து இது.

வேலூர் சி.எம்.சி.யில டாக்டர் மேரி வர்கீஸ்னு ஒருத்தர் இருந்தாங்க. 1954-ல் ஒரு கார் விபத்து, இடுப்புக்குக் கீழே செயலிழப்பு. சக்கர நாற்காலியில உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளோட கைகளுக்கு ஆபரேஷன் செஞ்சவங்க. 1966-ல் அங்க மறுவாழ்வு நிலையம் தொடங்கினதுலயும் அவங்கதான் முன்னாடி நின்னாங்க. இன்னைக்கு தமிழ்நாட்டுல பி.எம்.ஆர். டாக்டர்னு ஒருத்தரைப் பார்க்க முடியுதுன்னா அந்த வரிசையோட ஆரம்பத்துல அவங்க இருக்காங்க. அவங்களுக்கு விபத்து நடந்தப்போ பேக்லோஃபென்ங்கிற மருந்தே உலகத்துல கிடையாது. நினைச்சுப் பாருங்க.

சரி, மருந்து இருக்கு. உடனே போட்டுடலாமா? நான் போற வீட்டுல ஒரு அண்ணன் இருக்கார். இருபது வருஷம் அளத்துல வேலை பார்த்தவர். இடது பக்கம் ஸ்ட்ரோக் விழுந்து, கால் விறைச்ச மாதிரியே இருக்கும். அந்த விறைப்புலதான் ஒரு கோலை ஊனி எழுந்து கொல்லைப்பக்கம் போய்ட்டு வந்தார். சொந்தக்காரர் ஒருத்தர் சொல்லி, மாத்திரையை ரெண்டு மடங்கா போட்டிருக்காங்க. அடுத்த வாரம் போனப்போ பாயை விட்டு எழல. "தம்பி, கால் பஞ்சு மாதிரி லேசா இருக்குப்பா. ஆனா நிக்க மாட்டேங்குது"ன்னார். பலம் போன காலுக்கு அந்த விறைப்புதான் தூணா நின்னிருக்கு. தூணை எடுத்துட்டோம்.

அதனால மாத்திரை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி கேட்க வேண்டிய கேள்வி, இந்த இறுக்கம் இவருக்கு என்ன கெடுதல் பண்ணுது, என்ன உதவி பண்ணுது? ராத்திரி கால் வெட்டி வெட்டித் தூக்கம் போகுதா? உள்ளங்கை திறக்காம நகம் குத்திப் புண்ணாகுதா? தொடை ரெண்டும் ஒட்டிக்கிட்டு சுத்தம் பண்ண முடியலையா? இதுக்கெல்லாம் மருந்து வேணும். டாக்டர்கிட்ட "இறுக்கமா இருக்கு"ன்னு மட்டும் சொல்லாம, இதைச் சொல்லுங்க. அந்த அண்ணனுக்கு டாக்டர் பகல் டோஸைப் படிப்படியா குறைச்சு ராத்திரிக்கு மட்டும் வச்சார். ராத்திரி தூங்குறார், பகல்ல நிக்கிறார்.

பேக்லோஃபென் வழக்கமா பெரியவங்களுக்கு 5 மில்லிகிராம், நாளைக்கு மூணு வேளைன்னு தொடங்கி, சில நாளுக்கு ஒரு தடவை மெல்ல ஏத்துவாங்க. தூக்கம் வரும், தலை சுத்தும், சில பேருக்கு பேச்சு குழறும். மேல குடிச்சா அது பல மடங்கு ஆகும். இதெல்லாம் அட்டையிலேயே எழுதியிருக்கும். நான் நின்னு சொல்ல விரும்புறது கிட்னி. இந்த மருந்துல முக்கால்வாசி மாறாம சிறுநீர் வழியாத்தான் வெளியேறுது. கிட்னி மந்தமா இருந்தா அது உடம்புலயே தங்கிச் சேரும். அளவான டோஸே விஷமாகும். ஆளு குழம்பிப் பேசுவார், எழுப்பினாலும் எழமாட்டார். வீட்டுல "இன்னொரு ஸ்ட்ரோக் வந்துடுச்சு"ன்னு பதறுவாங்க.

இது ஏன் எங்க ஊர்ல பெரிய விஷயம்? சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தமிழ்நாட்டு உப்பளங்கள்ல 350-க்கும் மேற்பட்ட தொழிலாளர்களைச் சோதிச்சு 2023-ல் முடிவு வெளியிட்டாங்க. பத்துல ஒன்பது பேர் பாதுகாப்பான அளவுக்கு மேல வெப்பத்துல வேலை செய்றாங்க. சுமார் 7 சதவீதம் பேருக்கு கிட்னி செயல்பாடு குறைஞ்சிருக்கு. அதனால உப்பளத்துல, செங்கல் சூளையில, எங்க வெயில்ல உழைச்சவரா இருந்தாலும், இந்த மாத்திரைக்கு முன்னாடி ஒரு கிரியேட்டினின் டெஸ்ட் எடுக்கச் சொல்லிக் கேளுங்க. சாதாரண ரத்தப் பரிசோதனைதான். நீங்க கேட்டா எந்த நல்ல டாக்டரும் கோவிச்சுக்க மாட்டார்.

இன்னொரு வீடு. பைக் விபத்துல தண்டுவடம் அடிபட்ட ஒரு பையன். அவங்க அம்மா விடியறதுக்கு முன்னாடி அளத்துக்குப் போய் உச்சி வெயிலுக்குத் திரும்புவாங்க. ஒரு நாள் என்கிட்ட, "சார், ஒரு வாரமா காலு தையல் மிஷின் மிதிக்கிற மாதிரி ஆடுது. வண்டியில உக்கார வச்சா தூக்கிப் போடுது. மாத்திரையை ஏத்திடலாமா?"ன்னு கேட்டாங்க. இறுக்கம் திடீர்னு கூடினா, மாத்திரையைத் தொடுறதுக்கு முன்னாடி உடம்பைப் பாருங்க. உணர்ச்சி இல்லாத உடம்புக்கு "வலிக்குது"ன்னு சொல்ல வேற வழியில்ல, இறுகித்தான் சொல்லும். மலச்சிக்கல், படுக்கைப் புண், கால் நகம் சதைக்குள்ள வளர்றது, நிரம்பின மூத்திரப்பை, மூத்திரத்துல கிருமின்னு எதுவா வேணாலும் இருக்கலாம். இந்தப் பையனுக்குக் கிருமி. ஏன்னா அம்மா திரும்பி வர்ற வரைக்கும் பாத்ரூம் கூட்டிட்டுப் போக ஆள் இல்ல, அதனால காலையிலிருந்து அவன் தண்ணியே குடிக்கிறதில்ல.

அவன் சாப்பிட்டுக்கிட்டிருந்தது டிஸானிடின். பேக்லோஃபெனுக்கு அடுத்தபடியா அதிகமா எழுதப்படுற மருந்து. வாய் வறளும், தூக்கம் வரும், ரத்த அழுத்தம் இறங்கும், அப்பப்போ லிவர் டெஸ்ட் பார்க்கணும். மூத்திரக் கிருமிக்கு மெடிக்கல் ஷாப்ல கேட்டா சட்டுனு எடுத்துக் கொடுக்கிறது சிப்ரோஃப்ளாக்சசின். இந்த ரெண்டையும் சேர்த்துப் போடவே கூடாது. டிஸானிடினை உடம்பு கழிக்கிற வழியை சிப்ரோ அடைச்சிடும். ரத்தத்துல டிஸானிடின் சுமார் 10 மடங்கு ஏறும். பிரஷர் பாதாளத்துக்குப் போகும். ஏற்கெனவே தண்ணி குடிக்காம கிடக்கிற பையனுக்கு எப்படி இருக்கும்னு நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க. சீட்டைக் காட்டினதும் டாக்டர் வேற ஆன்டிபயாட்டிக் கொடுத்தார். பக்கத்து வீட்டு அக்கா ஒருத்தங்க பத்து மணிக்கு வந்து பார்த்துக்கிறதா ஏற்பாடாச்சு. கிருமி போனதும் காலும் அடங்கிடுச்சு, பழைய டோஸ்லயே.

அடுத்தது, மாத்திரை தீர்ந்துபோறது. பேக்லோஃபெனை மாசக்கணக்கா சாப்பிட்டுட்டு ஒரே நாள்ல நிறுத்தக் கூடாது. இறுக்கம் முன்னை விட மோசமா திரும்பும், காய்ச்சல் அடிக்கும், இல்லாத ஆள் தெரிவாங்க, ஃபிட்ஸ் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். நிறுத்தணும்னா டாக்டர் சொல்ற மாதிரி வாரக்கணக்குல இறக்கணும். சிட்டியில இருக்கிற உங்களுக்கு ஆப்ல ஆர்டர் போட்டா பத்து நிமிஷத்துல வந்துடும். 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தப்போ ஒரே நாள்ல 40 செ.மீ.க்கு மேல மழை. அந்த மாதிரி நாள்ல மரக்காணத்து உள்கிராமத்துல ஒருத்தர் மாத்திரைக்கு எங்க போவார்? வடகிழக்குப் பருவமழை தொடங்குறதுக்கு முன்னாடி ரெண்டு வாரத்து மாத்திரையைத் தனியா ஒரு டப்பாவுல எடுத்து வைங்கன்னு நான் எல்லா வீட்டுலயும் சொல்றேன். ஊர்ல இருக்கிற பாட்டி தாத்தாவுக்கு நீங்களும் போன் போட்டுச் சொல்லுங்க.

ஊசி பத்தியும் கேட்டிருந்தீங்க. கை மட்டும், கணுக்கால் மட்டும்னு ஒரு இடத்துல இறுக்கம் இருந்தா, முழு உடம்பையும் மயக்குற மாத்திரையை விட அந்தத் தசையிலயே போடுற போட்டுலினம் ஊசி நல்லது. சுமார் மூணு மாசம் தாங்கும். விலைதான் கையைக் கடிக்கும். ஃபீனால்ங்கிற பழைய ஊசி மலிவு, போடத் தெரிஞ்ச கை வேணும். பேக்லோஃபெனை நேரா தண்டுவடத்தைச் சுத்தின நீருக்குள்ள சொட்டுச் சொட்டா விடுற பம்ப்பும் உண்டு. சிகாகோவில் பென், குரோயின்னு ரெண்டு பேர் 1984-ல் காட்டின வழி. அங்க மருந்து மைக்ரோகிராம் கணக்கு, செலவு லட்சக் கணக்கு.

எதைப் போட்டாலும், இளகியிருக்கிற அந்த நேரத்துல கை காலை மெதுவா நீட்டி, நிக்க வச்சு, பழக்கணும். 2021 ஆகஸ்ட்ல தமிழ்நாடு அரசு தொடங்கின 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்துல பிசியோதெரபியும் வீட்டுக்கே வரும். ஆரம்ப சுகாதார நிலையத்துல பேர் பதிஞ்சு கேட்கணும், அவ்வளவுதான்.

கடைசியா ஒரு நேயர் கேள்வி: "அம்மா மாத்திரை போட்டதும் நாள் முழுக்கத் தூங்குறாங்க. இறுக்கம் குறைஞ்சிருக்கு. தொடரலாமா?" நீங்களா நிறுத்த வேண்டாம். எந்த வேளை மாத்திரைக்கு அப்புறம் எத்தனை மணி நேரம் தூங்குறாங்க, விழிச்சிருக்கும்போது முன்னால செய்ய முடியாத எதை இப்ப செய்றாங்கன்னு ஒரு வாரம் நோட்டுல எழுதுங்க. எழுப்பினாலும் சரியா விழிக்கலைன்னா, குழம்பிப் பேசினாங்கன்னா, நோட்டு எழுதிக்கிட்டு இருக்காம அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. இல்லைன்னா அந்த நோட்டோட போய், டோஸைக் குறைக்கலாமா, ராத்திரிக்கு மாத்தலாமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க. ரெண்டாவது பத்தியில ஒண்ணுமே எழுத முடியலைன்னா, அதையும் சொல்லுங்க.