காலையில் கார் ஏன் திக்குகிறது?

மார்கழி விடியலிலும் நாகர்கோவிலில் வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். அப்படிப்பட்ட ஊரில் ஒரு காருக்குக் குளிர் பிடித்துவிட்டது என்று சொன்னால், தோழியரே, நீங்கள் சிரிப்பீர்கள். எங்கள் வீட்டில் மட்டும் யாரும் சிரிக்கவில்லை. வாரம் மூன்று நாள் விடியற்காலையில் பாட்டியை டயாலிசிஸுக்கு அழைத்துச் செல்வது அந்தப் பழைய அம்பாஸடரில்தான். ஒரு நாள் பார்வதிபுரத்தில் பெரிய சாலைக்குத் திரும்பும்போது, அப்பா ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் கார் முன்னே போகாமல் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றுவிட்டது. எதிரே வந்த பஸ் ஓலமிட்டுப் பிரேக் போட்டதை நினைத்தால் இப்போதும் எனக்கு உள்ளங்கை வியர்க்கிறது.

ஒரு ஒர்க்‌ஷாப்பில் பிளக்குகளை மாற்றினார்கள். அடுத்த வாரம் காயிலை மாற்றினார்கள். மூன்றாம் முறை, இஞ்சினையே இறக்கிப் பார்க்க வேண்டும் என்றார்கள். அப்பா, "விற்றுவிடலாம்" என்றார்கள். பாட்டாதான், "மக்களே, ஒரு நோட்டை எடு. அது எப்பம் திக்குதுன்னு மொதல்ல எழுதுவோம்" என்றார்கள்.

பத்து நாள் எழுதினேன். இரவெல்லாம் நின்ற கார் காலையில் முதல் மூன்று கிலோமீட்டர் வரை திக்கும், பிறகு திக்காது. மெதுவாக மிதித்தால் போகும். சட்டென்று மிதித்தால் திணறும். மத்தியானம் கடைக்குப் போய் உடனே திரும்பினால் ஒன்றுமில்லை. சித்திரை வெயிலானாலும் இரவு முழுவதும் நின்ற இஞ்சின் குளிர்ந்த இஞ்சின்தான். அது சரியாக வேலை செய்ய ஏறக்குறைய 80 டிகிரியாவது வேண்டும்.

இதன் காரணம் பெட்ரோலின் இயல்பில் இருக்கிறது. திரவமான பெட்ரோல் சரியாக எரியாது. ஆவியாகிக் காற்றோடு கலந்தால்தான் எரியும். ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, இட்லிப் பானை மூடியில் நீராவி துளியாய் நிற்பதுபோல், பெட்ரோலில் ஒரு பகுதி குழாயின் சுவரில் ஈரமாக ஒட்டிக்கொள்கிறது. சட்டென்று மிதித்தால் காற்று ஓடிவந்துவிடும், பெட்ரோல் பின்தங்கிவிடும். அந்த ஒரு கணம்தான் கார் திக்குகிறது. இந்தக் குறையை ஈடுகட்டத்தான் பழைய கார்களில் சோக் என்னும் இழுகுமிழ் உண்டு. அதை இழுத்தால் கூடுதல் பெட்ரோல் கிடைக்கும்.

இனி நோட்டைப் பார்த்து ஒவ்வொன்றாகக் கழித்தோம். பிளக்கோ காயிலோ கெட்டிருந்தால் சூடான பிறகும் பெரும்பாலும் தொல்லை தரும். எங்கள் காரில் இருப்பது எஸ்.யு. கார்புரேட்டர். அதன் தலையில் சிறிது எண்ணெய் நிற்க வேண்டும்; அது வற்றினாலும் மிதிக்கும்போது திணறும், ஆனால் சூட்டிலும் திணறும். (ஆனாலும் திறந்து பார்த்தோம். எண்ணெய் இருந்தது.) காற்றை இழுக்கும் குழாயின் மூட்டில் கசிவு இருந்தால் குளிரில் மட்டும் திக்க இடமுண்டு, உலோகம் சூட்டில் விரிந்ததும் கசிவு அடைபடலாம். பாட்டா ஒரு ரப்பர் குழாயைக் காதில் வைத்து, டாக்டரைப்போல் மூட்டு மூட்டாகக் கேட்டார்கள். சீறல் ஒன்றுமில்லை.

மீதி இருந்தது சோக். நான் உள்ளே அமர்ந்து குமிழை இழுத்தேன். பாட்டா பானட்டைத் திறந்து குனிந்து பார்த்தார்கள். கார்புரேட்டரின் அடியில் உள்ள ஜெட் கீழே இறங்க வேண்டும். "இன்னும் இழு" என்றார்கள். நான் முழுவதும் இழுத்துவிட்டிருந்தேன்! கம்பியைப் பிடிக்கும் சிறு திருகாணி தளர்ந்து, கம்பி மட்டும் வழுக்கி வந்துகொண்டிருந்தது. பாட்டா ஸ்க்ரூடிரைவரால் அதை இறுக்கினார்கள். செலவு ஒன்றுமில்லை.

அம்பாஸடர், இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரின் வழியில் பிறந்து, 2014 வரை மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவில் செய்யப்பட்டது. சோக் கெட்டால் இங்கிலாந்துக் குளிரிலோ நம் ஊட்டியிலோ கார் கிளம்பவே கிளம்பாது. உடனே பிழை தெரிந்துவிடும். நம் ஊரிலோ சோக் இல்லாமலும் கிளம்பிவிடுகிறது. அதனால்தான் யாரும் அதைச் சந்தேகிக்கவில்லை. நம் நல்ல வெயிலே பிழையை மறைத்துவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது.

இப்போது பங்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் ஆவியாகக் கூடுதல் வெப்பம் வேண்டும். பெட்ரோலைவிடக் குறைந்த காற்றே அதற்குப் போதும். ஆகவே பழைய கார்புரேட்டர் அளந்து விடுவது இஞ்சினுக்குப் பற்றாக்குறையாகிறது. காலையில் சோக்கின் உதவி முன்பைவிட அதிகம் தேவைப்படும்.

உங்கள் வீட்டுப் புதிய காரில் சோக் குமிழைத் தேடாதீர்கள், இராது. இஞ்சினின் தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஒரு சிறு வெப்ப உணரி, "இன்னும் சூடாகவில்லை" என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும். அது பொய் சொன்னால் அந்தக் காரும் இப்படியே திக்கும்.

ஷெட்டின் கதவைத் திறந்து வைக்காமல் இஞ்சினை ஓடவிடாதீர்கள். புகையில் உள்ள கார்பன் மோனாக்ஸைடு உயிரைக் குடிக்கும். சோக்கையும் இழுத்தபடியே விட்டுவிடக் கூடாது. மிஞ்சிய பெட்ரோல் சிலிண்டரில் உள்ள எண்ணெயைக் கழுவிவிடும். சுங்கான்கடை வருமுன் குமிழை உள்ளே தள்ளிவிட வேண்டும் என்று அப்பாவுக்கு நினைவூட்டுவது, இப்போது பின்சீட்டில் இருக்கும் பாட்டியின் வேலை.