ஒட்டுக்கட்டிய உயிரணு

லோபாக் வாசகர் ஒருவர் இரண்டு செய்திகளை அனுப்பியிருக்கிறார். ஒன்று, இந்தியாவில் ரத்தப் புற்றுநோய்க்குக் கார்-டி சிகிச்சை குறைந்த விலையில் கிடைக்கிறது என்ற நாளிதழ்ச் செய்தி. மற்றது புலனத்தில் சுற்றும் விளம்பரம்: ஆய்வகத்தில் வளர்த்த எதிர்ப்பு உயிரணுக்களை ஏற்றிக்கொண்டால் புற்றுநோய் அண்டாதாம். இரண்டும் ஒன்றுதானா என்று கேட்கிறார். ஒன்றல்ல. உயிரணுவை வெளியே எடுத்துப் பெருக்குவது இரண்டிலும் உண்டு. ஆனால் கார்-டியில் நோயைத் தீர்ப்பது அந்தப் பெருக்கம் அல்ல, அதற்கு முன் போடும் ஒட்டு.

நெகிரி செம்பிலான் பால்மரக் காடுகளில் பாடுபட்ட குடும்பங்களுக்கு ஒட்டுமரத்தை விளக்க வேண்டியதில்லை. விதையில் முளைத்த கன்றின் பட்டையைக் கீறித் திறந்து, நிறையப் பால் தரும் இனத்தின் மொட்டை உள்ளே வைத்துக் கட்டுவார்கள். பிடித்துக்கொண்டதும் கன்றின் பழைய தலையை வெட்டிவிடுவார்கள். வேர் ஒரு மரத்துடையது, மேலே தழைப்பது வேறு மரம்.

டி உயிரணு என்ற நோய் எதிர்ப்பு வெள்ளணுவில் பொருத்தும் கார் ஏற்பியும் இப்படிப்பட்ட ஒட்டுதான். உயிரணுவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பது ஆன்டிபாடியின் நுனி. சவ்வைத் துளைத்து உள்ளே இறங்கும் பகுதி டி உயிரணுவின் சொந்த விசை. இந்த ஒட்டு எதற்கு? புரதத் துணுக்கை மற்ற உயிரணு தன் மேற்பரப்பில் ஏந்திக் காட்டினால்தான் டி உயிரணுவுக்கு அது தெரியும். புற்றுநோய் உயிரணு பல நேரம் அப்படிக் காட்டுவதையே நிறுத்திவிடுகிறது. ஆன்டிபாடிக்கு அந்தத் தயவு வேண்டாம். மேற்பரப்பில் இருக்கும் முழுப் புரதத்தையே பற்றிக்கொள்ளும். அதற்குத் தானாகக் கொல்லும் கருவி கிடையாது, டி உயிரணுவுக்கு உண்டு. இரண்டையும் ஒரே மூலக்கூறாக இணைத்ததும், பற்றிய கணமே விசை தட்டப்படுகிறது. டி உயிரணு எதிரியோடு ஒட்டி நின்று, தன் நஞ்சுப் பைகளைத் தொட்ட இடத்துக்கே இழுத்து வந்து கொட்டுகிறது. பெர்ஃபோரின் துளை போடுகிறது, கிரான்சைம் அதன் வழியே நுழைகிறது, எதிரி உள்ளிருந்தே சிதைகிறது. டி உயிரணு விலகி அடுத்ததைத் தேடிப் போகிறது. போகிற வழியில் தானும் பெருகுகிறது. விழுங்கிய மாத்திரை மணிக்கு மணி குறையும். இந்த மருந்து உடலுக்குள் வளர்கிறது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

முதலில் செய்த ஒட்டுகள் பிடித்தன, ஆனால் நிலைக்கவில்லை. '4-1பிபி' என்ற இன்னொரு துண்டையும் சேர்த்துக் கட்டிய பிறகே உயிரணுக்கள் மாதக்கணக்கில் தாக்குப்பிடித்தன. அளவுக்கு மீறி வெட்டிய மரம் பால் வற்றி நிற்குமே, ஓயாமல் தூண்டப்படும் டி உயிரணுவும் அப்படித்தான் உயிரோடு இருந்தபடியே செயலற்றுப் போகிறது. பால் பிடிக்கும் மங்கு நிரம்பி வழிவதுபோல், தூண்டல் அளவு மீறுவதும் உண்டு. 2012-இல் பிலடெல்பியாவில் சிகிச்சை பெற்ற ஒரு சிறுமியின் உடலில் இன்டர்லூகின்-6 என்ற வேதிப்பொருள் கட்டுக்கடங்காமல் ஏறியது. மூட்டுவாத மருந்தான டோசிலிசுமாப்தான் அவளைக் காப்பாற்றியது. ஆய்வுக்குத் தலைமை தாங்கிய கார்ல் ஜூனின் மகளுக்கு மூட்டுவாதம் இருந்ததால் அவருக்கு அந்த மருந்து பற்றித் தெரிந்திருந்தது. தோட்டத்தில் ஒரே இனத்தை ஆயிரம் ஏக்கரில் நடலாம். இங்கே ஒவ்வொரு நோயாளிக்கும் அவரவர் ரத்தத்திலிருந்தே தனித்தனியாக ஒட்டுக்கட்ட வேண்டும். விலை ஏறுவதற்கு அதுவே முக்கியக் காரணம்.

வரலாறு சுருக்கமாக: 1989-இல் இஸ்ரேலின் செலிக் எஷார் குழு இப்படி ஒட்டிய ஏற்பியை டி உயிரணுவில் இயக்கிக் காட்டியது. 2017-இல் அமெரிக்கா முதல் கார்-டி மருந்தை அனுமதித்தது; அப்போது விலை 4,75,000 டாலர்.

மும்பை ஐஐடியில் ராகுல் புர்வார் குழு டாட்டா நினைவு மருத்துவமனையோடு சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19, 2023 அக்டோபரில் அனுமதி பெற்றது. அப்போது விலை ஏறத்தாழ 40 லட்சம் ரூபாய், நம் கணக்கில் சுமார் 2 லட்சம் ரிங்கிட். தோட்டத்துக் குடும்பத்துக்கு இதுவும் எட்டாத தொகைதான்; 'மலிவு' என்று தலைப்புப் போட எனக்கு மனம் வராது. 2025-இல் வெளியான ஆய்வு முடிவில், பலனை மதிப்பிட முடிந்த 51 பேரில் 37 பேருக்கு நோய் கட்டுப்பட்டது. சிகிச்சையின் விளைவாகவே இருவர் இறந்தனர். இந்தப் பக்கத்தை விளம்பரங்கள் சொல்வதில்லை. வேலூர் சிஎம்சி மருத்துவமனையும் தன் வளாகத்திலேயே உயிரணுக்களைத் தயாரித்துப் பரிசோதித்திருக்கிறது.

இத்தனையும் பலிப்பதற்குக் குறி சரியாக அமைந்ததே காரணம். அந்தக் குறியான சிடி19 என்ற புரதம் பெரும்பாலும் பி உயிரணுக்களில்தான் இருக்கிறது. நல்ல பி உயிரணு, புற்றான பி உயிரணு இரண்டும் அழிந்தாலும் இம்யூனோகுளோபுலின் ஏற்றி நோயாளியைக் காக்கலாம். நுரையீரல், குடல், மார்பகக் கட்டிகளில் இப்படியொரு பாதுகாப்பான குறி எளிதில் அகப்படுவதில்லை. எச்இஆர்2 புரதத்தைக் குறிவைத்து அமெரிக்காவில் ஒரு குடல் புற்று நோயாளிக்கு உயிரணுக்களை ஏற்றினார்கள். அதே புரதம் நுரையீரலிலும் சிறிதளவு இருந்தது. 15 நிமிடத்தில் மூச்சுத் திணறல் தொடங்கியது, ஐந்தாம் நாள் அவர் இறந்தார். 2010-இல் வெளியான அறிக்கை இது.

புலன விளம்பரம் விற்பது என்கே (இயற்கைக் கொல்லி) உயிரணுக்கள். அவற்றில் ஒட்டும் இல்லை, குறியும் இல்லை, பெருக்கம் மட்டுமே. நலமாக இருப்பவருக்கு அவற்றை ஏற்றினால் புற்றுநோய் வராது என்று எந்த ஆய்வும் மெய்ப்பிக்கவில்லை. பி உயிரணு லுக்கேமியாவோ லிம்போமாவோ திரும்பி வந்தவர்கள் கார்-டி பற்றித் தங்கள் ரத்தநோய் மருத்துவரிடம் கேட்கலாம், அம்பாங் மருத்துவமனைக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். விளம்பரம் செய்பவரிடம் கேட்க வேண்டியது வேறு: எந்தப் புரதத்தைக் குறிவைக்கிறீர்கள், சுகாதார அமைச்சின் மருந்துக் கட்டுப்பாட்டு ஆணையத்தில் இதைப் பதிவு செய்திருக்கிறீர்களா?