செயலியின் உறக்கமும் கெர்னலின் கணக்கும்

செய்வதற்கு வேலை இல்லாத செயலியை வீணே சுழலவிடாமல் உறங்கவைப்பது, இயங்குதளத்தில் வன்பொருளை நேரடியாக ஆளும் கெர்னல் என்னும் உட்பகுதியின் பொறுப்பாகும். இந்த உறக்கத்தில் பல ஆழங்கள் உண்டு. சி1 என்னும் மேலோட்டமான நிலையில் செயலி கட்டளைகளை நிறைவேற்றுவதை மட்டும் நிறுத்துகிறது. சி6 போன்ற ஆழ்நிலையிலோ மின்னழுத்தமே ஏறக்குறையத் துண்டிக்கப்படுவதால், மின்சாரம் பெரிதும் மிச்சமானாலும், விழித்தெழக் கூடுதல் நேரமும் ஆற்றலும் செலவாகின்றன. ஆகவே லினக்ஸ் கெர்னல், அடுத்த டைமர் எப்போது எழுப்பும் என்பதையும் அண்மைய உறக்கங்கள் எவ்வளவு நீடித்தன என்பதையும் கொண்டு, எந்த ஆழம் இலாபகரமானது எனக் கணிக்கிறது.

கணிப்பு பிழைத்தால் மின்சாரமோ வேகமோதான் இழப்பு. உறங்கும் கணத்தில் நேரும் பிழையோ இதைவிடக் கொடியது. வேலை இல்லை என்று சரிபார்த்த பின், உறங்கும் கட்டளைக்கு முன்பாக, புதிய வேலையை அறிவிக்கும் குறுக்கீட்டுச் சமிக்ஞை வந்து கையாளப்பட்டுவிட்டால், செயலி அந்த வேலையைக் கவனிக்காமலே உறங்கிவிடும். இதனால், குறுக்கீடுகளைத் தடுத்துவைத்தே இறுதிச் சரிபார்ப்பைச் செய்ய வேண்டும். எக்ஸ்86 செயலிகளில், தடையை நீக்கும் எஸ்டிஐ கட்டளையின் விளைவு அடுத்த கட்டளை முடியும்வரை தள்ளிப்போவதால், அதனை ஒட்டியே உறங்கவைக்கும் எச்எல்டி கட்டளை எழுதப்படுகிறது. இவ்விரண்டுக்கும் நடுவே வேறொரு கட்டளையை நுழைப்பது பெரும் பிழை.

சீரான இடைவெளியில் செயலியைத் தட்டியெழுப்பும் கடிகாரத் துடிப்பும் உறக்கத்தைப் பற்றிய இந்தக் கணக்கில் சேர்ந்தது. உறக்கம் கலையாதிருக்க வேண்டி, அதன் ஆழத்தை முடிவுசெய்வதற்கு முன்பே அத்துடிப்பை நிறுத்திவந்த முறை, 2018-இல் வெளிவந்த லினக்ஸ் 4.17 பதிப்பில் திருத்தப்பட்டது.