கமறாத புகை

முதல் பீடியோ முதல் சிகரெட்டோ, இழுத்தவர் பெரும்பாலும் இருமியிருப்பார். புகையில் காரமாக இருக்கும் நிக்கோட்டின் தொண்டையில் பட்டதும் கமறும். அந்தக் கமறலோடு பழக்கத்தை விட்டுவிட்ட பையன்களும் உண்டு. 2015இல் அமெரிக்கச் சந்தைக்கு வந்த ‘ஜூல்’ என்ற மின்சிகரெட் அதைத்தான் போக்கியது. நிக்கோட்டினோடு பென்சாயிக் அமிலத்தைச் சேர்த்து உப்பாக்கினார்கள். ஊறுகாய் கெடாமலிருக்கச் சேர்க்கிறோமே சோடியம் பென்சோயேட், அதன் மூலப்பொருள்தான் இது. காரம் தணிந்ததும் 5 சதவீத நிக்கோட்டின்கூட உறுத்தாமல் நுரையீரலுக்குள் இறங்கியது. 2019இல் அந்நாட்டு உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் 27.5 சதவீதம் பேர் முந்தைய 30 நாளுக்குள் மின்சிகரெட் இழுத்ததாகச் சொன்னார்கள். 2024இல் அது 7.8 சதவீதமாகக் குறைந்துவிட்டது. ஆனால் ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களை மீட்பது வேறு வேலை.

நிக்கோட்டின் போய் அமர மூளையில் ஏற்பிகள் உண்டு. அமர்ந்தால் டோபமின் சுரக்கும். பழகப் பழக இந்த ஏற்பிகளின் எண்ணிக்கையே கூடிவிடும்; அவை காலியாக இருக்கும் நேரம்தான் தவிப்பு. வேரெனிக்ளின் என்ற மாத்திரை, பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல அங்கே முந்திக்கொள்கிறது. அதுவும் டோபமினைச் சுரக்க வைக்கும், ஆனால் அரைகுறையாக. தவிப்பு அடங்க அது போதும், கிறக்கத்துக்குப் போதாது. பிறகு வரும் நிக்கோட்டினுக்கு இடமே இருக்காது.

இந்த மருந்துக்கு முன்மாதிரி, மஞ்சள் பூச்சரம் தொங்கும் லேபர்னம் என்ற ஐரோப்பிய மரத்தின் நச்சுப்பொருள். நம் சரக்கொன்றைக்குத் தூரத்து உறவு அந்த மரம். இரண்டாம் உலகப் போரில் புகையிலை கிடைக்காதவர்கள் அதன் இலையைப் புகைத்தார்கள். விஷ இலையில் சுருட்டா என்று சிரிக்கலாம். அவர்கள் கை சரியான இலைக்குத்தான் போயிருக்கிறது.

2025இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 16 முதல் 25 வயதுவரை 261 பேர். வேரெனிக்ளினும் ஆலோசனையும் பெற்றவர்களில் 51 சதவீதம் பேர், 12 வார சிகிச்சையின் கடைசி நான்கு வாரமும் மின்சிகரெட்டைத் தொடவில்லை. போலி மாத்திரையோடு ஆலோசனை பெற்றவர்களில் 14 சதவீதம். மாத்திரை நின்று மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் 51 என்பது 28 ஆகியிருந்தது. போலி மாத்திரைக்காரர்களில் 7.

மாத்திரையே இல்லாத வழியும் இருக்கிறது. இன்னோர் ஆய்வில், மின்சிகரெட்டை விட விரும்பிய 13 முதல் 17 வயதுப் பிள்ளைகள் 1,503 பேரில் ஒரு பாதிக்குக் கைப்பேசிக் குறுஞ்செய்தியில் தைரியமும் யோசனையும் சொல்லிவந்தார்கள். ஏழு மாதத்தில் 37.8 சதவீதம் பேர் விட்டிருந்தனர். எனக்கு வியப்பு மறுபாதிதான். அவர்களுக்கு அறிவுரை எதுவும் போகவில்லை. இன்னும் இழுக்கிறாயா என்று மாதம் ஒருமுறை கேட்டார்கள், அவ்வளவே. அவர்களிலும் 28 சதவீதம் பேர் விட்டிருந்தார்கள்.