மஞ்சளும் மஞ்சள் காமாலையும்

குழம்பில் போடும் மஞ்சள் தூளையும் மருந்துக் கடையில் விற்கும் குர்குமின் கேப்ஸ்யூலையும் ஒன்றென்று எண்ணுவதில்தான் சிக்கல் தொடங்குகிறது. மஞ்சளில் குர்குமின் ஏறக்குறைய 3 சதவீதமே. ஒருவர் நாளுக்கு 3 கிராம் மஞ்சள் தூள் சாப்பிட்டாலும் வயிற்றுக்குள் போவது 90 மில்லிகிராம். அதிலும் ரத்தத்தில் சேர்வது மிகச் சொற்பம். 500 மில்லிகிராம் கேப்ஸ்யூலிலோ பெரும்பாலும் 95 சதவீதம் வரை செறிவூட்டிய சாறு. போதாததற்கு மிளகிலிருந்து எடுத்த பைப்பரினும் சேர்கிறது. குர்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரின் கொடுத்தால் உடல் ஏற்கும் அளவு சுமார் 20 மடங்கு கூடுவதாக 1998-இல் வெளியான பெங்களூர் ஆய்வு காட்டியது. விற்பவர்கள் இதைப் பெருமையாகச் சொல்கிறார்கள். ஆனால் குர்குமினை உடைத்து வெளியேற்றும் குடல், கல்லீரலின் வேலையைப் பைப்பரின் மட்டுப்படுத்துவதால்தான் இது நடக்கிறது. கூடவே சாப்பிடும் வேறு மருந்துகளும் அதனால் ரத்தத்தில் தேங்கக்கூடும்.

'காலங்காலமாகச் சாப்பிடுகிறோமே, என்ன ஆகிவிட்டது?' என்பார்கள். சாப்பிட்டது மஞ்சளை, இந்தக் கேப்ஸ்யூலை அல்ல. கல்லீரல் பாதிப்பு பற்றி 18 புகார்கள் வந்த நிலையில் 2023-இல் ஆஸ்திரேலிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கை விடுத்தது. அமெரிக்காவில் மஞ்சள் மாத்திரைகளால் கல்லீரல் கெட்ட 10 பேரை ஆராய்ந்தபோது 7 பேரிடம் ஒரே மரபணு வகை இருந்தது. மஞ்சளை விழுங்கி மஞ்சள் காமாலையோடு ஆஸ்பத்திரிக்குப் போவது விசித்திரம்தான். லட்சக்கணக்கானோர் சாப்பிடுவதில் இவர்கள் அபூர்வம் என்பது உண்மை. ஆனால் அந்த அபூர்வமானவர் யார் என்று கடைக்காரருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது.

பலன் பெரிதாக இருந்தால் இந்த ஆபத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். முழங்கால் தேய்மானத்தில் ஓரளவு பலன் தெரிகிறது: தாய்லாந்தில் 367 பேரிடம் 4 வாரம் நடந்த சோதனையில் மஞ்சள் சாறு, இபுப்ரோஃபென் மாத்திரைக்கு ஏறத்தாழ இணையாக வலியைக் குறைத்தது. அதைத் தாண்டி, சோதனைக் குழாயில் புற்றுநோய் செல்லை அழித்ததெல்லாம் மனித உடலில் நிரூபணமாகவில்லை. குர்குமின் பல ரசாயனச் சோதனைகளில் பொய்யான வெற்றியைக் காட்டும் மூலக்கூறு என்று 2017-இல் வந்த விரிவான மதிப்பாய்வு ஒன்று சுட்டிக்காட்டியது. ஆகவே மூட்டுவலிக்காக மருத்துவரைக் கேட்டுக் கொஞ்ச நாள் சாப்பிடுவது வேறு. 'எதிர்ப்பு சக்தி' என்று வருடக்கணக்கில் விழுங்குவது வேறு. ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்களும், பித்தப்பையில் கல் உள்ளவர்களும், அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தவர்களும் தாமாக இதைத் தொடங்கவே கூடாது.

நுகர்வோர் கையில் சட்டமும் இருக்கிறது. துணை உணவாக உரிமம் பெற்ற டப்பாவில் 'மருந்துப் பயன்பாட்டுக்கு அல்ல' என்ற வாசகம் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருக்க வேண்டும், தேடிப் பாருங்கள். அந்த டப்பாவுக்கே சர்க்கரை நோயும் புற்றுநோயும் தீரும் என்று விளம்பரம் செய்தால் அது 1954-ஆம் ஆண்டின் மாய மருந்து விளம்பரத் தடைச் சட்டத்தில் சிக்கும். உணவுப் பாதுகாப்புச் சட்டமோ தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கிறது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலரிடமும் புகார் தரலாம். ரசீதையும் காலி டப்பாவையும் எறிந்துவிட வேண்டாம். கண் மஞ்சளித்தாலோ சிறுநீர் அடர்ந்த நிறமானாலோ மாத்திரையை அன்றே நிறுத்திவிட்டு, மருத்துவரிடம் முதலில் காட்ட வேண்டியதும் அந்த டப்பாவைத்தான்.